டெஸ்ட் வரலாற்றிலேயே பெரிய அணி எது? பேட்டிங் சாதனைகளை வைத்து அதைச் சொல்லிவிட முடியுமா?

முதல் கேள்விக்கு என் பதில், 1980களின் வெஸ்ட் இண்டீஸ். இரண்டாவதற்கு, முடியாது. ஏன் முடியாது என்பதுதான் கொஞ்சம் நீளமான கதை.

எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாதம் ஒரு தடவையாவது இந்தச் சண்டை வரும். போன தடவை நண்பர் ஒருவர் டிஷ்யூ பேப்பரில் 'ஆல் டைம் லெவன்' எழுத ஆரம்பித்தார். கவாஸ்கர், சேவாக், பிராட்மேன், டெண்டுல்கர், லாரா, ரிச்சர்ட்ஸ், சோபர்ஸ், கில்கிறிஸ்ட். எட்டுப் பேர் ஆகிவிட்டது. பிறகு பந்துவீச வார்ன், மெக்ராத். பதினோராவது இடத்தில் சங்கக்காராவை எப்படியாவது உட்கார வைக்க முடியுமா என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். "யோவ், பந்து யாருய்யா போடறது?" என்றேன். "சோபர்ஸ் போடுவார்." போடுவார்தான், வேகமும் போடுவார், சுழலும் போடுவார். அதற்காக அவர் தலையில் ஒரு நாளைக்கு நாற்பது ஓவரா கட்டுவது?

இப்படிப் பட்டியல் போடுகிற எல்லோரும் செய்கிற தப்பு இது. ரன் பட்டியலை மேலிருந்து கீழே படித்தால் பெரிய அணி கிடைத்துவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் டெஸ்டில் ஜெயிக்க எதிரணியின் இருபது விக்கெட்டையும் எடுக்க வேண்டும். எதிரணியே டிக்ளேர் செய்துவிட்டு, அதாவது விக்கெட் மீதம் இருக்கும்போதே இன்னிங்ஸை முடித்துக்கொண்டு, மாட்டிக்கொண்டால் தவிர, இதற்கு விலக்கு கிடையாது.

1983 டிசம்பர், சேப்பாக்கம், வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான டெஸ்ட். கவாஸ்கர் அந்தத் தொடரில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி அலுத்துப்போய், நான்காவதாக வருகிறேன் என்று கேட்டு வாங்கியிருந்தார். அவர்களின் வேகப்பந்து வீச்சாளர் மார்ஷல் கெய்க்வாடையும் வெங்சர்க்காரையும் அனுப்பிவிட்டார். நான்காவது ஆட்டக்காரர் உள்ளே வரும்போது ஸ்கோர் 0-க்கு 2! நீ எந்த இடத்தில் இறங்கினாலும் ஸ்கோர் பூஜ்யம்தானப்பா என்று ரிச்சர்ட்ஸ் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். அங்கிருந்து தொடங்கி ஆட்டமிழக்காமல் 236. பிராட்மேனின் 29 சதங்களைத் தாண்டிய முப்பதாவது சதம். அன்றைக்கு ஓர் இந்தியர் டெஸ்டில் அடித்த அதிகபட்ச ரன்னும் அதுதான். அந்த இன்னிங்ஸைப் பற்றி என் சித்தப்பா இன்றைக்கும் நேற்று நடந்தது போலப் பேசுவார். அந்த டெஸ்ட் டிரா என்பதும், ஆறு டெஸ்ட் தொடரை இந்தியா 0-3 என்று தோற்றது என்பதும் அவர் கதையில் வராது.

லாராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 கடைசியில் இலங்கையில் மூன்றே டெஸ்டில் 688 ரன். முரளிதரனை அவர் மண்ணிலேயே அப்படி ஆடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைசி டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் 221, இன்னொன்றில் 130. தொடர் முடிவு? இலங்கை 3, வெஸ்ட் இண்டீஸ் 0. அவருடைய 375, 400 இரண்டும் ஆன்டிகுவாவில் வந்தவை. இரண்டு டெஸ்டுமே டிரா.

மறுபக்கம் பாருங்கள். 1948, ஓவல் மைதானம், பிராட்மேனின் கடைசி இன்னிங்ஸ். நான்கு ரன் எடுத்தால் சராசரி சரியாக 100. ஹாலிஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே போல்டு, டக். 99.94 என்று உலகமே மனப்பாடமாகச் சொல்லும் எண் அப்படி வந்ததுதான். ஆனால் ஆஸ்திரேலியா அந்த டெஸ்டை ஒரு இன்னிங்ஸ், 149 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. காரணம், முதல் நாளே இங்கிலாந்தை 52 ரன்னில் சுருட்டிவிட்டார்கள். லிண்ட்வால் 20 ரன் கொடுத்து 6 விக்கெட்.

பிராட்மேனைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். இன்றைக்கு ஆடினால் 99.94 வருமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, அவரோடு ஆடியவர்களைப் பாருங்கள். சட்க்ளிஃப் 60.73, ஹெட்லி 60.83, ஹாமண்ட் 58.45. ஆட்டம் சுலபமாக இருந்தது என்றால் இவர்களுக்கும்தானே சுலபம்? பாடிலைன் தொடரில் உடம்பைக் குறிவைத்துப் போட்டு அவரை அடக்கினார்கள் என்கிறோம். அந்தத் தொடரில் அவர் சராசரி 56.57. டெண்டுல்கரின் வாழ்நாள் சராசரி 53.78. ஆனால் சராசரியை மட்டும் நம்பினால் இன்னொரு வம்பும் இருக்கிறது. 20 டெஸ்ட் மட்டுமே ஆடிய ஆடம் வோஜஸின் சராசரி 61.87. அவரை வைத்து யாராவது ஆல் டைம் லெவன் எழுதுவீர்களா?

சரி, வெஸ்ட் இண்டீஸுக்கு வருவோம். அந்த அணி பிறந்ததிலேயே ஒரு வேடிக்கை உண்டு. 1976இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியா 403 இலக்கைத் துரத்தி, 4 விக்கெட் மட்டும் இழந்து ஜெயித்தது. நான்காவது இன்னிங்ஸில் 400 தாண்டி ஜெயித்தது அதற்கு முன் ஒரே தடவைதான் நடந்திருந்தது. கவாஸ்கரும் விஸ்வநாத்தும் சதம். நமக்குப் பெருமைதான். ஆனால் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களை வைத்துக்கொண்டு அதைத் தடுக்க முடியாமல் போன கிளைவ் லாய்டு, அடுத்த டெஸ்டிலேயே வேகத்துக்கு மாறிவிட்டார். கிங்ஸ்டனில் இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸ் 97 ரன்னில், ஐந்து விக்கெட்டோடு முடிந்தது. மீதி ஐந்து பேர் மட்டை பிடிக்கிற நிலையில் இல்லை. நம் பேட்டிங் சாதனைக்குக் கிடைத்த பரிசு அது!

அதன்பின் வேகத்துக்கு ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், கிராஃப்ட், மார்ஷல், அப்புறம் ஆம்ப்ரோஸ், வால்ஷ். 1980இல் நியூசிலாந்திடம் தோற்ற பிறகு 1995 வரை ஒரு டெஸ்ட் தொடர்கூடத் தோற்கவில்லை. பதினைந்து வருஷம். 1984இல் மட்டும் வரிசையாக 11 டெஸ்ட் வெற்றி. இத்தனைக்கும் ரிச்சர்ட்ஸின் சராசரி 50.23, லாய்டு 46.67, கிரீனிட்ஜ் 44.72, ஹெய்ன்ஸ் 42.29. இன்றைய சராசரிப் பட்டியலில் இவர்களைத் தேட நிறையக் கீழே இறங்க வேண்டும்.

அந்த அணி எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு காட்சி போதும். 1984, இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானம். முதல் நாள் ஃபீல்டிங்கில் மார்ஷலின் இடது கட்டைவிரல் உடைந்துவிட்டது. வெஸ்ட் இண்டீஸின் ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது அவர்களின் பேட்ஸ்மேன் கோம்ஸ் சதத்தை நெருங்கி நின்றார். ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் கிளம்பப் பார்க்க, மார்ஷல் கட்டோடு இறங்கி, ஒற்றைக் கையால் மட்டை பிடித்து நின்றார். ஒரு பவுண்டரி வேறு. கோம்ஸ் சதம் அடித்தார். பிறகு அதே கட்டோடு பந்து வீசி 53 ரன்னுக்கு 7 விக்கெட்.

ஆஸ்திரேலியா 16 டெஸ்ட் தொடர்ந்து ஜெயித்தது, அதுவும் இரண்டு தடவை. தெரியும். ஆனால் அந்தக் காலத்திலேயே 2001இல் இந்தியாவிலும் 2005இல் இங்கிலாந்திலும் தொடரை விட்டார்கள். அந்த 2001 தொடரின் கொல்கத்தா டெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை: லக்ஷ்மணின் 281ஐ யார் மறப்பார்கள்? ஆனால் கடைசி நாளில் ஹர்பஜன் 6 விக்கெட்டும் டெண்டுல்கர் 3 விக்கெட்டும் எடுக்காமல் இருந்திருந்தால் அந்த 281உம் சேப்பாக்கத்து 236 மாதிரி டிராவில் போய் உட்கார்ந்திருக்கும். 1948 ஆஸ்திரேலியா இங்கிலாந்துப் பயணத்தில் 34 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஆனால் அது ஒரு கோடைக்காலம். இது பதினைந்து வருஷம்.

மார்ஷல் கதையை அன்று மதியம் டிஷ்யூ பேப்பர் நண்பரிடமும் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார். "சரி, மார்ஷல் வேணும்தான்" என்று ஒத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். எடுத்து, மெக்ராத்தை அடித்துவிட்டு அந்த இடத்தில் மார்ஷல் என்று எழுதினார். பதினோராவது இடத்தில் சங்கக்காரா.