இசைப் பத்திரிகையின் பொருளடக்கம் – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்துக்குத் தமிழில் ஒரு இசை மாத இதழை வடிவமைத்துக் காட்ட வேண்டும். அட்டை முடிந்துவிட்டது. பொருளடக்கத்தில்தான் சிக்கல். அமெரிக்க வடிவமைப்பாளர் டேவிட் கார்சனின் 'ரே கன்', பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் நெவில் பிராடியின் 'த ஃபேஸ்' இதழ்களைப் பார்த்து, அதேபோல எழுத்துகளை உடைத்துப் போட்டிருந்தேன். பேராசிரியர் அதைத் தள்ளிவிட்டு, மூன்று பத்தி, ஒரு பெரிய படம் என்று 'க்யூ' என்ற பிரிட்டிஷ் இசை இதழின் அமைப்பைப் பின்பற்றச் சொல்கிறார். பொருளடக்கத்தை யாரும் நின்று படிப்பதில்லையே, அதிலாவது சுதந்திரம் எடுத்துக்கொள்ளக் கூடாதா?

க., கோவை

அன்புள்ள க.,

யாரும் நின்று படிப்பதில்லை என்பது உண்மை. வாசகர் அங்கே தேட வருகிறார். அட்டையில் பார்த்த முகம் எந்தப் பக்கத்தில், தனக்குப் பிடித்த பாடகர் இந்த இதழில் உண்டா இல்லையா, இவ்வளவுதான் கேள்வி. பதில் சட்டென்று கிடைக்க வேண்டும். ஆகவே அந்தப் பக்கத்தின் நாயகன் பக்க எண். தலைப்பு, படம், நிறம் எல்லாம் அதற்குத் துணை. சுதந்திரம் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணை மட்டும் தொடாதீர்கள்.

நீங்கள் ஆசைப்பட்ட பிராடியையே எடுத்துக்கொள்வோம். 1981 முதல் 1986 வரை 'த ஃபேஸ்' இதழின் கலை இயக்குநர் அவர். இசையும் உடையும் இளைஞர் வாழ்க்கையும் கலந்த லண்டன் இதழ் அது. 1984-இல் பொருளடக்கப் பக்கத்தின் தலைப்புச் சொல்லை அடுத்தடுத்த இதழ்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே போனார். முதலில் எழுத்துகளின் முனைகள் போயின, அப்புறம் எழுத்துகள் போயின. கடைசியில் சில கோடுகளும் வளைவுகளும்தான் மிச்சம். எழுத்து என்று சொல்லவே முடியாது. ஆனால் கீழே இருந்த பட்டியலைப் பாருங்கள்: கட்டுரைப் பெயர்களும் எண்களும் தெளிவாகப் படிக்கும்படி இருந்தன. ஒவ்வொரு இதழிலும் கொஞ்சம்தான் மாற்றினார் என்பதையும் கவனியுங்கள். பழகிய வாசகருக்கு அந்தத் தலைப்பைப் படிக்கவே தேவையில்லை. பக்கம் இருக்கும் இடமும் எண்களின் வரிசையும் அது என்ன பக்கம் என்று சொல்லிவிடும். பயனில்லாத சொல் எது என்று கண்டுபிடித்து, அதில் மட்டும் விளையாடினார். எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது அந்தக் கணக்கினால்தான்.

கார்சன் வேறு வகை. 1994-இல் 'ரே கன்' இசை இதழுக்கு வந்த பாடகர் பிரையன் ஃபெரியின் பேட்டி சலிப்பாக இருந்ததென்று, அதை முழுக்கச் சின்னங்களாலான ஸாஃப் டிங்பேட்ஸ் எழுத்துருவில் அச்சிட்டார். துணிச்சல்தான். கட்டுரைக்குள் நுழைந்துவிட்ட வாசகரிடம் அப்படி ஒரு சண்டை போடலாம். உள்ளே வரவே வழி கேட்கிறவரிடம் போடக் கூடாது.

உங்கள் பேராசிரியர் சொல்லும் 'க்யூ' அச்சில் 2020-இல் நின்றுவிட்டது, ஆனாலும் நல்ல முன்மாதிரிதான். சிறப்புக் கட்டுரைகள் ஓரிடம், மாதாமாதம் வரும் பகுதிகள் ஓரிடம், விமர்சனங்கள் தனியே என்று பிரித்துவைத்திருப்பார்கள். படத்தின் மேலேயே பக்க எண் இருக்கும், கண் அலைய வேண்டாம். ஆனால் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது 'என்எம்இ'யை. 1952-இல் தொடங்கி 2018 வரை அச்சில் வந்த பிரிட்டிஷ் இசை வார இதழ். 2000-களில் அதன் பொருளடக்கப் பக்கத்தின் ஓரத்தில் ஒல்லியாக ஒரு பத்தி வரும். இசைக்குழுக்களின் பெயர்கள் அகர வரிசையில், ஒவ்வொன்றுக்கும் நேராக எண். அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் வார இதழில் ஒரே குழு செய்தியில் வரும், ஆல்பம் விமர்சனத்தில் வரும், கச்சேரி ரிப்போர்ட்டிலும் வரும். கட்டுரைத் தலைப்புகளை மட்டும் பட்டியலிட்டால் இதெல்லாம் எங்கே தெரியும்? ரசிகன் கேட்பது தலைப்பை அல்ல, தன் குழுவின் பெயரை. அதைப் புரிந்துகொண்ட பத்தி அது. இசைப் பத்திரிகைக்கென்றே உருவான நல்ல யோசனைகளில் ஒன்றாக இதை நினைக்கிறேன்.

அமெரிக்க இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸ் 1993-இல் தொடங்கிய 'வைப்' இசை இதழ் நேரெதிர். பக்கம் நிறைய ஒரே ஆளின் படம், ஓரத்தில் சின்ன எழுத்தில் பட்டியல். பார்க்க நன்றாக இருக்கும். அந்தப் படம் எடுக்கும் கேமராக்காரர் இருந்தால் செய்யலாம்.

இனி உங்கள் இதழ். ஆங்கிலப் பக்கங்களை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. அவர்கள் பிரிவுத் தலைப்பைப் பெரிய எழுத்தில் (கேப்பிடல்) போட்டே வேறுபடுத்திவிடுவார்கள். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. தடிமன், அளவு, நிறம், இடைவெளி, இவைதான் உங்கள் கையில் உள்ளவை. அப்புறம் நம் சொற்கள் நீளம். 'இசையமைப்பாளர்களுக்கு' என்று ஒரு சொல் வந்தால் மூன்றில் ஒரு பத்தியின் வரி நிரம்பிவிடும். மூன்று பத்தி வேண்டாம். ஒரு அகலப் பத்தி, ஒரு குறுகிய பத்தி போதும். மேலே வளைவும் (கி) கீழே வளைவும் (கு) வருகிற எழுத்து நம்முடையது, வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிட இடம் கூடுதலாக விடுங்கள். எண்ணைத் தலைப்புக்கு முன்னால், ஒட்டினாற்போல வையுங்கள். வலது கோடியில் போட்டுப் புள்ளிக்கோடு இழுத்தால் கண் வரி மாறிவிடும்.

அந்தக் குறுகிய பத்தியில் பாடகர் அகர வரிசை கொடுங்களேன். இங்கே ஒரு சிக்கல் வரும். எஸ். ஜானகி, எஸ்.பி. பாலசுப்ரமணியம், எம்.எஸ். விஸ்வநாதன், எல்.ஆர். ஈஸ்வரி, எம்.எல். வசந்தகுமாரி, இன்ஷியலை வைத்து அடுக்கினால் அத்தனை பேரும் 'எ'வில் போய் நெருக்கியடித்து நிற்பார்கள். இன்ஷியலை எடுத்துவிட்டு அடுக்கினால் எம்.எஸ்.வி. 'வி'யில் போய்விடுவார், அங்கே அவரை யார் தேடுவார்கள்? ஜனங்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அந்த இடத்தில் வையுங்கள். எஸ்.பி.பி.யும் எம்.எஸ்.வி.யும் 'எ'வில். ஜானகி 'ஜா'வில், ஈஸ்வரி 'ஈ'யில். சந்தேகம் வரும் பெயரை இரண்டு இடத்திலும் போட்டுவிடுங்கள், ஒரு வரிதானே செலவு.

எண்களைக் கடைசியில் நிரப்புங்கள். விளம்பரம் ஒன்று உள்ளே வந்தால் பின்னால் உள்ள பக்கமெல்லாம் நகரும். கட்டுரை முழுப்பக்கப் படத்தோடு தொடங்கினால் அந்தப் படத்தின் மேலும் பக்க எண் இருக்கட்டும்; 34 என்று அனுப்பிவைத்துவிட்டு அங்கே எண்ணே இல்லையென்றால் வாசகர் முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருப்பார். பிறகு தாளில் அச்செடுத்து, இதழைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, ஜானகி எங்கே என்று கேளுங்கள். அவர் விரல் எங்கெல்லாம் தயங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களைத் திருத்தியபின் பேராசிரியரிடம் காட்டுங்கள்.