கிருஷ்ணமூர்த்திக்கு எத்தனை எழுத்து? (கேள்வி பதில்)

மனிதரும் கணினியும் புழங்கும் விதத்தை ஆராய்வது என் தொழில். இம்முறை தமிழ்த் தட்டச்சு பற்றிய கேள்விகள் மட்டும்.

கேள்வி: அப்பாவின் பெயர் கிருஷ்ணமூர்த்தி. 10 எழுத்துக்குள் பெயர் கேட்கும் ஓர் இணையப் படிவம், நீளம் என்று தள்ளுகிறது. நாங்கள் எண்ணினால் 8 தான். எங்கே தவறு செய்கிறோம் ஐயா?

நீங்கள் செய்யவில்லை அம்மா. படிவம் எண்ணுவது எழுத்துகளை அல்ல, யூனிகோடு (கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறை) குறிகளை. ‘கி’ என்றால் க-வும் இகரக் குறியும்: 2. ‘ர்’ என்றால் ர-வும் புள்ளியும்: 2. ‘ண’ மட்டும் 1. இப்படியே எட்டு எழுத்துக்கும் கூட்டினால் 15. நம் இலக்கணத்தில் மெய் முதலில். அகரம் ஏறினால் ‘க’. யூனிகோடில் தலைகீழ்: ‘க’ முதலில், புள்ளி பின்னால் வந்து ஒட்டுவது. ‘கொ’ அடித்து பேக்ஸ்பேஸை அழுத்தினால் ‘க’ மிஞ்சுவதும் இதனால்தான். கருவி படுத்தும்போது உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

கேள்வி: தமிழில் அடிக்க எந்தக் கைபேசி வாங்கலாம்?

கடைக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆங்கில எழுத்துகளில் அடித்தே தமிழ் வருகிறதே, தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை எதற்கு?

‘வந்தான்’ அடித்துப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளில் 8 விசை. தமிழ்99-இல் வ, ந, த, ஆ, ன, புள்ளி: 6. ந்த-வுக்குப் புள்ளி தானாக விழும்.

முந்தையவரே மீண்டும்: இரண்டு விசைக்காகப் புதுப் பலகை பழகுவதா? கைபேசி பாதியிலேயே சொல்லை முன்வைக்கிறது. உங்கள் கணக்கு பழையது.

விசையை மட்டும் எண்ணினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மனிதர் கணினியைப் புழங்கும் விதத்தை ஆராய்ந்த கார்ட், மோரன், நியூவெல் மூவரும் 1980-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். பழகிய கைக்கு ஒரு விசை சுமார் 0.2 விநாடி, மனம் ஒரு முறை நின்று யோசிக்க 1.35 விநாடி. ண-வுக்குப் பெரிய எழுத்தா, ந-வுக்கு டபிள்யூவா என்று தயங்கும் ஒவ்வொரு முறையும் ஆறு விசைக்கும் மேல் போகிறது. முன்வைக்கும் பட்டியலைக் கண் மேய்வதும் செலவுதான். வாரத்துக்கு இரண்டு வரி அடிப்பவர் பழகியதிலேயே இருக்கட்டும். நாள்தோறும் பக்கம் பக்கமாக அடிப்பவரிடம் அதையே சொல்ல மாட்டேன்.

அவரே, மூன்றாம் முறை: நான் தயங்குவதே இல்லை.

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அடிக்கும்போது பக்கத்தில் யாரையாவது கடிகாரத்தோடு உட்காரவையுங்கள்.

கேள்வி: பேக்ஸ்பேஸ் அழுத்தினால் ‘கொ’ உடைகிறது, என் கணினியில் வைரஸா?

முதல் பதிலைப் படியுங்கள். வைரஸ் இல்லை.