செட்டிநாட்டு வீடுகள்: எந்தக் கதவு திறக்கும், எப்போது போகலாம்?

கேள்வி: திருச்சியிலிருந்து சொந்தக் காரில், எழுபது வயது அம்மா, இரண்டு பிள்ளைகளோடு செட்டிநாட்டுப் பக்கம் போகிறோம். காரைக்குடியில் ஓர் இரவு தங்கல். பழைய வீடுகளை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா? எந்த வரிசையில் போவது?

பதில்: முடியும், ஆனால் எல்லா வீட்டையும் அல்ல. இவை அருங்காட்சியகங்கள் இல்லை. ஒரே வீட்டில் பல பங்காளிகளுக்கு உரிமை இருக்கும், பூட்டிய ஒவ்வோர் அறையும் ஒரு குடும்பத்துடையது. கானாடுகாத்தான் அரண்மனையையும், 1941இல் கட்டிய காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டையும் வெளியிலிருந்து பார்ப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போக நம்பகமானது ஆத்தங்குடி பெரிய வீடு, கட்டணம் உண்டு. கானாடுகாத்தானில் சில வீடுகளைக் காவலாளிகள் சிறு தொகை வாங்கிக்கொண்டு காட்டுவார்கள், கையில் சில்லறை இருக்கட்டும். முகூர்த்த நாளிலும் படப்பிடிப்பு நாளிலும் அந்தக் கதவுகளும் திறக்காது. தை மாதத்தில் போவதானால் முந்தைய நாளே தங்கும் விடுதியில் விசாரித்துவிடுங்கள்.

முதல் நாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் புதுக்கோட்டை வழியாகத் திருமயம் சுமார் 75 கி.மீ. கோட்டையை முதலில் முடிப்பது நல்லது. மேலே நிழல் கிடையாது. பதினொரு மணிக்குமேல் பாறை சுடும். பிள்ளைகளோடு ஒருவர் ஏறட்டும். அம்மா மற்றவரோடு மலையடியில் இருக்கும் சத்தியமூர்த்திப் பெருமாள் குடைவரைக் கோயிலைப் பார்க்கலாம். நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும்.

அங்கிருந்து கானாடுகாத்தான் பக்கம்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பாரம்பரிய விடுதிகளில் முந்தைய நாளே சொல்லிவைக்க வேண்டும். நினைத்த நேரத்தில் போனால் இலை கிடைக்காது. கைபேசி வழிகாட்டி சில நேரம் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும் அளவுக்கு வீடுகள் நீளம். எதிர்ப்பக்கம் சுற்றி வாருங்கள்.

நான்கு வீடுகளை ஓடிப் பார்ப்பதைவிட ஒன்றில் ஒரு மணி நேரம் செலவிடுவது மேல். திண்ணை, முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு (அடுத்த முற்றப் பகுதி), அடுப்படி என்று வரிசையாக நடந்தால் வீட்டின் ஒழுங்கு பிள்ளைகளுக்கே புரியும்: முன்னால் ஆண்கள் கணக்குவழக்குப் பார்த்த இடம், நடுவில் சடங்குகள் நடக்கும் வளவு, பின்னால் பெண்களின் சமையல் புழக்கம். பர்மா தேக்குத் தூண்களை அண்ணாந்து பார்ப்பவர்கள் சுவரைக் கவனிப்பதில்லை. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துத் தேய்த்த பூச்சு அது. புறங்கையை வைத்துப் பாருங்கள், பளிங்குபோல வழுவழுப்பாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். அம்மாவுக்கு இங்கே சிரமம் வாசல் படிகளும் உயரமான நிலைப்படிகளும்தான். ஒருவர் கூடவே இருக்கட்டும். பார்வையாளர்களுக்குக் கழிப்பறை பெரும்பாலும் இருக்காது, விடுதியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலையில் பிள்ளையார்பட்டி தரிசனம், பிறகு ஆத்தங்குடி. வேலை நாளாக இருந்தால் பெரிய வீட்டோடு தரை ஓடு செய்யும் பட்டறையையும் பாருங்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் கூழைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கியதும் மேலே உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி, கடைசியாகச் சாந்தை அப்பி மட்டம் செய்வார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறித்தான் ஓடு இறுகுகிறது. ஓட்டின் மேல்முகம் கண்ணாடியில் படிந்திருப்பதால்தான் அதற்கு அந்தப் பளபளப்பு.

ஓடு வாங்கினால் காரில் படுக்கவைத்து அடுக்காதீர்கள், அடியில் இருப்பது விரிசல் விடும். இடையே காகிதம் வைத்து நிறுத்தி அடுக்குங்கள். வீட்டில் பதித்தபின் ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது, ஆசிட் சிமென்ட்டை அரித்து நிறத்தைக் கெடுத்துவிடும். வெறும் தண்ணீரில் துடைத்து, அவ்வப்போது துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும்.