வீட்டு ஜெபம், தாத்தாவின் வேதப்புத்தகம், பிள்ளைகளின் கேள்விகள்: வாசகர் கேள்வி–பதில்

இரவுச் சாப்பாடு முடிந்து குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தால் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் தூங்கி விழுகிறாள். ஒன்பதாம் வகுப்பு மகன் கடிகாரத்தையே பார்க்கிறான். ஒரு கீர்த்தனை, ஓர் அதிகாரம், எல்லோருடைய ஜெபம் என்று 40 நிமிடம் ஆகிவிடுகிறது. என் மாமனார் காலத்து வழக்கம் இது. குறைத்தால் தப்பா?
– வாசகி, நாகர்கோவில்

தப்பே இல்லை, குறையுங்கள். மாமனார் காலத்தில் பிள்ளைகளுக்கு டியூஷனும் கிடையாது, காலை ஏழு மணிக்குப் பள்ளி வேனும் கிடையாது. 15 நிமிடம் போதும். முதலில் நேரத்தை மாற்றுங்கள். சாப்பிட்ட பிறகு வேண்டாம், சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். வயிறு நிறைந்த குழந்தை தூங்கத்தான் செய்யும், அதைப் பக்திக்குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும் போதும். அதே பாட்டை ஒரு வாரம் முழுக்கப் பாடினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மகளுக்கு மனப்பாடம் ஆகிவிடும். வாசிப்பு பத்து வசனத்தைத் தாண்ட வேண்டாம். ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போகிற வீடுகள் பெரும்பாலும் யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தின் முழக் கணக்கு வரும் இடத்தில் நின்றுபோகின்றன. மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்குப் பத்து வசனம் என்றால், இடையில் சில நாள் விட்டுப்போனாலும் மூன்று மாதத்தில் முடியும்.

வாசித்த பிறகு பிரசங்கம் வேண்டாம், ஒரு கேள்வி கேளுங்கள். மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் புயல் அடிக்கிறது, இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். அந்தத் தலையணையைச் சொல்வது மாற்கு மட்டுமே. மகளிடம், "அவ்வளவு சத்தத்தில் அவர் ஏன் எழுந்திருக்கவில்லை?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "களைப்பா இருந்திருக்கும்" என்று சொன்னால் அதுவும் நல்ல பதில்தான். திருத்த வேண்டாம். மகனிடம், "நாங்கள் சாகப்போகிறது உமக்குக் கவலையில்லையா என்று சீஷர்கள் கேட்டது சரியா?" என்று கேளுங்கள். அவனுக்குப் பேச நிறைய இருக்கும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "ஆண்டவரே, இவன் கணக்கில் 40 மார்க் வாங்கியிருக்கிறான், இவனுக்குப் புத்தி கொடும்" என்று ஜெபத்துக்குள் திட்டுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, பதில் பேச முடியாமல் திட்டு வாங்கும் பிள்ளைக்கு ஜெபம் என்றாலே கசந்துபோகும். குடும்ப ஜெபத்தை இதைவிட வேகமாகக் கெடுப்பது வேறெதுவும் இல்லை. கண்டிப்பதைத் தனியே, கண் திறந்து, நேருக்கு நேர் செய்யுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் மகன் நடத்தட்டும். ஒரு நோட்டில் தேதியும் விண்ணப்பமும் எழுதி, பக்கத்தில் என்ன நடந்தது என்று பிறகு குறியுங்கள். நடக்காததை "நடக்கவில்லை" என்றே எழுதுங்கள். கிடைத்ததை மட்டும் எழுதிய நோட்டைப் பெரிய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

என் பிள்ளைகள் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். தமிழ் வேதாகமம் புரியவில்லை என்று தள்ளிவிடுகிறார்கள். ஆங்கிலத்திலேயே வாசிக்கட்டும் என்று விட்டுவிடலாமா?
– வாசகர், சென்னை

ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். ஆனால் தமிழை விட்டுவிடாதீர்கள். ஆராதனை தமிழில், பாட்டு தமிழில், பாட்டியின் ஜெபம் தமிழில். இவை புரியாத பிள்ளை ஆலயத்தில் விருந்தாளி மாதிரிதான் உட்கார்ந்திருக்கும்.

குற்றம் பிள்ளைகள் மேல் இல்லை. நாம் வீட்டில் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871-ல் முழுமையாக வெளிவந்தது. அதற்குப் பிறகு பல சொற்களுக்குப் பொருளே மாறிவிட்டது. தெரியாத சொல்லைப் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளும். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் ஆளை ஏமாற்றும். "பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்" என்று சங்கீதம் 127 சொல்கிறது. உங்கள் மகன் அதை விடுதலை என்று வாசிப்பான். அங்கே அதற்குப் பொருள் வாரிசு உரிமையாகக் கிடைக்கும் சொத்து. சங்கீதம் 23-ல் "தாழ்ச்சியடையேன்" என்பதற்கு "எனக்கு ஒரு குறையும் வராது" என்று அர்த்தம். ரோமர் 12:11-ல் "அசதியாயிராமல் ஜாக்கிரதையாயிருங்கள்" என்பதைக் கேட்டால் இன்றைய பிள்ளைக்கு, களைப்படையாமல் எச்சரிக்கையாக இரு என்று படும். உண்மையில் சோம்பலாக இராமல் ஊக்கமாக இரு என்பதே அதன் பொருள். "உபத்திரவம்" பக்கத்து வீட்டுத் தொந்தரவு அல்ல, கடும் துன்பம்.

எனவே வாரம் ஐந்து சொல் எடுத்து, வேதாகமத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் பென்சிலால் எழுத வையுங்கள். ஒரு வருடத்தில் 250 சொல்லைத் தாண்டிவிடும். இன்றைய நடையில் 1995-ல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். வாசித்துப் புரிந்துகொள்ள அது, மனப்பாடத்துக்குப் பழையது. பழைய நடையின் ஓசை நாக்கில் நிற்கும். மனப்பாடத்துக்குச் சிறிய சங்கீதங்களே நல்லது. 117-ல் இரண்டே வசனம், 23-ல் ஆறு, 121-ல் எட்டு. இந்த வரிசையிலேயே போங்கள்.

திடப்படுத்தல் வகுப்புக்குப் போக மாட்டேன், எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்கிறான் மகன். சேகரத்தில் (எங்கள் குருவின் பொறுப்பிலுள்ள சபைகளில்) அவன் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் எடுக்கிறார்கள். வற்புறுத்தலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

வற்புறுத்த வேண்டாம். ஞானஸ்நானத்தின்போது அவனுக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் கொடுத்த வாக்கை அவனே தன் வாயால் ஏற்றுக்கொள்வதுதான் திடப்படுத்தல். வாய் அவனுடையதாக இருக்க வேண்டும். உறவுக்காரர்கள் கேட்பார்களே என்று பயந்து அவனைக் கொண்டுபோய் நிற்கவைத்தால், அவன் கற்றுக்கொள்வது சபைக்கு முன்னால் பொய் சொல்வதைத்தான். வகுப்பில் உட்கார்ந்து கேட்கட்டும், முடிவை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம் என்று சேகரகுருவிடம் பேசிப் பாருங்கள்.

சந்தேகம் என்னவென்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்றிரவே பதில் சொல்லி அடக்கப் பார்க்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, இரண்டு நாளில் தேடிவிட்டு வாருங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9-ல் அழுதது ஒரு மகன் அல்ல, ஒரு தகப்பன். அந்த அதிகாரத்தை அவனோடு சேர்ந்து வாசியுங்கள்.

கணவர் ஆலயத்துக்கு வருவதில்லை. நான் ஒருத்தி மட்டும் பிள்ளைகளை வளர்த்துவிட முடியுமா?
– வாசகி, திருச்சி

முடியும். பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் தாய் யூத விசுவாசி, தகப்பனோ கிரேக்கன். தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் முதலில் இருந்தது என்றுதான் பவுல் எழுதுகிறார். பிள்ளைகள் முன்னால் கணவரைக் குறை சொல்லாதீர்கள். அப்பாவா, ஆண்டவரா என்று பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வைத்தால் இரண்டு பக்கமும் காயம்தான்.

தாத்தாவின் பழைய வேதப்புத்தகத்தில் குடும்பத்தின் பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் எழுதியிருக்கிறது. தாள் பொடிகிறது, பூச்சியும் இருக்கிறது. லேமினேட் செய்யலாமா?
– வாசகர், தூத்துக்குடி

கூடவே கூடாது. லேமினேட் செய்த தாளைத் திரும்பப் பிரிக்க முடியாது, சூட்டில் பழைய மையும் கெடும். செலோடேப்பும் வேண்டாம். சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தோடு சேர்த்துத் தாளைத் தின்னும். உச்சி வெயிலில் காயவைத்தால் தாள் இன்னும் மொறுமொறுப்பாகும்.

நிழலில் விரித்து, மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ராமபாணப் பூச்சி ஈரத்துக்கும் பசைக்கும்தான் வரும். எனவே சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, படுக்கை வசத்தில் வையுங்கள். வசம்பு, காய்ந்த வேப்பிலை எதுவானாலும் சிறு துணி முடிச்சாக அலமாரி மூலையில் இருக்கட்டும். பக்கங்களுக்கு நடுவே வைத்தால் கறை பிடிக்கும். பெயர்கள் எழுதிய பக்கங்களை முதலில் பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் போனில் படமெடுத்து, பிள்ளைகளைக் கொண்டே ஒரு நோட்டில் படியெடுக்கச் செய்யுங்கள். "இந்த மூன்று பேர் ஏன் ஒரே வருடத்தில் இறந்தார்கள்?" என்று பிள்ளை கேட்கும். குடும்பக் கதை அங்கிருந்து தொடங்கும். விட்டுப்போன தேதிகளை ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பார்க்கலாம். ஏறக்குறைய எந்த வருடம், தகப்பன் பெயர் என்ன என்று எழுதிக்கொண்டு போனால் தேடுகிறவருக்கு வேலை குறையும்.

பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில். வருடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறோம். எங்களால் என்ன செய்ய முடியும்?
– தாத்தா–பாட்டி, கோயம்புத்தூர்

உங்கள் குரலைக் கொடுங்கள். சங்கீதம் 23, ஒரு கீர்த்தனை, படுக்கும் நேரத்து ஜெபம் ஒன்று, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள் போனில் பதிந்து அனுப்புங்கள். வீடியோ அழைப்பில் "ஆலயத்துக்குப் போனாயா?" என்று விசாரிக்க வேண்டாம். பிள்ளை பதிலைத் தயாராக வைத்திருக்கும், அதோடு பேச்சு நின்றுவிடும். அதற்குப் பதில் ஒரு பொருளைக் காட்டுங்கள். உலை வைக்கும்போது காணிக்கைக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பானையைக் கேமரா முன்னால் வைத்து, கை நிறைய அள்ளிப் போட்டுக் காட்டுங்கள். எதற்கென்று பிள்ளையே கேட்கும்.

குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் யார், எந்த ஊரில், அதற்காக எதை இழந்தார், கஷ்ட காலத்தில் யார் சோறு போட்டார்கள், எந்தப் பாட்டைப் பாடி அழுதார்கள் என்று ஒரு தடவைக்கு ஒரு கேள்வியாக எடுத்து, 15 நிமிடத்துக்கு மேல் போகாமல் பேசிப் பதியுங்கள். பெருமையை மட்டும் பேசாமல் சண்டையையும் சறுக்கலையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதியையும் பேசுகிறவர் பெயரையும் வாயால் சொல்லிவிடுங்கள். ஒரு பிரதி மகனிடம் இருக்கட்டும், இன்னொன்று மகளிடம்.