3 லட்ச ரூபாய் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) கடையில் தெளிவாகக் கேட்டது நிஜமா?

பாதி நிஜம். 60,000 ரூபாய் ஆம்பைவிட அது 'தெளிவாக' இருந்ததற்குப் பெரும்பாலும் காரணம் சத்தம்தான். ஒரு டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் கூடியதாகப் பெரும்பாலும் தெரியாது. 'நன்றாக இருக்கிறது' என்றே தோன்றும். வால்யூம் குமிழ்கள் ஒரே இடத்தில் நின்றாலும் பயனில்லை, கெயின், அதாவது சிக்னலை ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது, வேறு வேறு.

அடுத்த முறை மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். 200 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சுருதியில் நிற்கும் ஒலி) ஓடும்போது ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் பாருங்கள். ஒன்றில் 2.00, மற்றதில் 2.24 என்றால் அதுதான் அந்த ஒரு டெசிபல். இரண்டையும் 2.00க்குக் கொண்டுவாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். அப்புறம் எந்த ஆம்ப் பாடுகிறது என்று பார்க்காமல் கேளுங்கள்.

ஸ்பீக்கர்களை ஒப்பிட இது போதாது. கடை அறையில் கேட்ட பாஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) அப்படியே உங்கள் ஹாலில் வராது.