தக்காளி இலை கருகுகிறதா? – தோட்டம் கேள்வி பதில்

மாடியில் 12 பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். மழை விட்டதும் அடி இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்து, மஞ்சளாகி உதிர்கிறது. வாரம் ஒருமுறை வேப்பெண்ணெயும் பஞ்சகவ்யமும் மாற்றி மாற்றித் தெளிக்கிறேன். ஆனாலும் நோய் மேலே ஏறிக்கொண்டே போகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தாம்பரம்

ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புள்ளிக்குள் வளையத்துக்குள் வளையமாக, வெட்டிய மரத்தின் குறுக்குப் பரப்பு மாதிரிக் கோடுகள் தெரிந்து, சுற்றிலும் மஞ்சள் விளிம்பு இருந்தால் அது ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையால் வரும் முன்பருவக் கருகல். சமவெளியில் வீட்டுத் தக்காளியை அதிகம் பிடிப்பது இதுதான். வளையம் இல்லாமல் மிளகைவிடச் சின்னதாக, நடுவில் சாம்பல் நிறமும் அதில் கறுப்புப் பொடிப் புள்ளிகளும் இருந்தால் அது செப்டோரியா என்ற வேறொரு பூஞ்சையால் வரும் இலைப்புள்ளி நோய். வைத்தியம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

வேப்பெண்ணெய் வெள்ளை ஈ, அசுவினிக்குச் சரி; கருகலை நிறுத்த அதை நம்ப முடியாது. பஞ்சகவ்யம் செடிக்கு ஊட்டம், மருந்து ஆகாது. போதாததற்கு, சாயங்காலம் இலை நனைய எதைத் தெளித்தாலும் ராத்திரி முழுக்க ஈரம் நிற்கும். பூஞ்சைக்கு வேண்டியது அந்த ஈரம்தான்.

கருகின இலை மறுபடி பச்சையாகாது. நாம் காப்பாற்றுவது மேலே இருக்கும் இலைகளை. அதனால் முதல் வேலை கத்தரிக்கோல். இலை காய்ந்திருக்கும் நேரத்தில் புள்ளி விழுந்தவற்றையும், மண்ணிலிருந்து ஒரு அடி உயரம் வரை உள்ள இலைகளையும் எடுங்கள். ஒரே நாளில் மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மொட்டையடித்தால் காய் வெயிலில் வெந்து வெளுத்துவிடும். ஒவ்வொரு செடி முடிந்ததும் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடையுங்கள். வெட்டிய இலைகளை வீட்டு உரத்தொட்டியில் போடாதீர்கள். அந்தச் சூட்டில் பூஞ்சை சாகாது. அடுத்த போகத்துக்கு நீங்களே விதைத்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது, மூடாக்கு. நோய் அடி இலையில் தொடங்குவதற்குக் காரணம், மழைத்துளி மண்ணில் அடித்துத் தெறிக்கும்போது அதில் இருக்கும் பூஞ்சை வித்தும் சேர்ந்து இலையில் ஒட்டுவதுதான். பையின் மேல்மண்ணை இரண்டு அங்குலக் கனத்துக்கு வைக்கோலோ தென்னை நார்க்கழிவோ போட்டு மூடிவிட்டால் தெறிப்பு நின்றுவிடும். தண்ணீரைக் காலையில், தூரில் மட்டும் ஊற்றுங்கள். பைக்குப் பை இரண்டு அடி இடைவெளி இருக்கட்டும். 12 பையையும் கைப்பிடிச் சுவரோரம் ஒட்டி ஒட்டி வைத்திருந்தால் காற்றே நுழையாது.

மூன்றாவதுதான் மருந்து. சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் (பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியா) பொடி, லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம். டால்க்கில் கலந்து வருவதால் அப்படியே ஊற்றினால் ஸ்பிரேயர் மூக்கு அடைத்துக்கொள்ளும்; துணியில் வடிகட்டுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுக் கலக்குங்கள், குளோரின் இந்த நுண்ணுயிரைக் கொல்லும். வெயில் ஏறுமுன் காலையில், இலையின் அடிப்பக்கமும் நனைய, 10 நாளுக்கு ஒருமுறை. பொட்டலத்தின் தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். காலாவதியானால் அது வெறும் டால்க் பவுடர்.

நோய் செடியின் பாதிக்கு மேல் ஏறிவிட்டால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2.5 கிராம். தாமிரம் தெளித்தால் சூடோமோனாஸும் செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவே 15 நாள் விடுங்கள். பலரும் கடையில் கேட்டு வாங்கும் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி ஆல்டர்னேரியாவிடம் எடுபடாது. காசுதான் வீண்.

காய் பிடித்த செடி பட்டினி கிடந்தாலும் இந்த நோய் சீக்கிரம் பிடிக்கும். 15 நாளுக்கு ஒருமுறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள்.

நேற்று நன்றாக இருந்த செடி, இரண்டு நாள் பனிமூட்டத்துக்குப் பிறகு வெந்நீர் ஊற்றின மாதிரி கறுத்துவிட்டது. தண்டிலும் கறுப்புப் பட்டை. இதுவும் அதே நோயா?
– வாசகர், கோத்தகிரி

இது வேறு, இன்னும் பொல்லாதது. ஃபைட்டோப்தோரா என்ற கிருமியால் வரும் பின்பருவக் கருகல். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தில் தள்ளியது இதுவே. உங்கள் ஊரைச் சுற்றி உருளை பயிராவதால் கிருமிக்குத் தங்க இடம் எப்போதும் உண்டு. 15 முதல் 22 டிகிரிக் குளிரும் நாள் முழுக்க ஈரமும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் தோட்டமே போய்விடும்.

உறுதி செய்ய, கருகிய இலை ஒன்றை ஈரக் காகிதத்தோடு டப்பாவில் மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் இலையின் அடியில், கருகலின் ஓரமாக வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தண்டு கறுத்த செடியைப் பிழைக்க வைக்க முடியாது. பாலித்தீன் பையைக் கவிழ்த்து மூடி, அப்படியே பிடுங்கிக் கட்டி, ஆழப் புதையுங்கள். உலுக்கினால் வித்து காற்றில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். மிச்சச் செடிகளுக்கு 1 சதவீத போர்டோ கலவை அன்றைக்கே அடியுங்கள்.

போர்டோவை இப்படித் தயாரியுங்கள். 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) பொடித்து அரை லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரையுங்கள். இன்னொன்றில் 10 கிராம் சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீர்த்து, அரை லிட்டராக்கி, ஆறவிட்டு வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். தலைகீழாகச் செய்தால் கலவை திரிந்துபோகும். தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் தாமிரம் மிஞ்சியிருக்கிறது, இலை பொசுங்கும். கறை படிவது நிற்கும் வரை சுண்ணாம்புத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அன்றைக்கே தெளித்து முடிக்க வேண்டும், மறுநாளைக்கு ஆகாது. இரும்பு, தகரப் பாத்திரம் கூடவே கூடாது. நாற்றுக்குப் பாதி வீரியம் போதும்.

இலை பச்சையாகவே இருக்கிறது, ஆனால் செடி மத்தியானம் துவண்டு மூன்று நாளில் செத்துவிடுகிறது. கருகல்தானே?
– வாசகி, திருச்சி

இல்லை, வாடல் நோயாக இருக்கலாம். தூருக்குச் சற்று மேலே மூன்று அங்குலத் தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் மூழ்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் நூல் மாதிரி இறங்கினால் பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது; செடியையும் பை மண்ணையும் அப்புறப்படுத்துங்கள்.

கருகல் வந்த செடியின் காயைச் சாப்பிடலாமா? அந்த மண்ணில் மறுபடி தக்காளி வைக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

புள்ளி இல்லாத காயைத் தாராளமாகச் சாப்பிடலாம். மருந்து தெளித்திருந்தால் பொட்டலத்தில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் கழியட்டும், பறித்ததும் நன்றாகக் கழுவுங்கள். காம்போரம் கறுத்து அழுங்கியதை ஊறுகாய்க்குச் சேர்க்காதீர்கள். காயின் அடிப்பாகம் மட்டும் கறுத்திருந்தால் அது நோயே இல்லை. தண்ணீர் ஒருநாள் அதிகம், ஒருநாள் குறைவு என்று ஊற்றுவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராத கோளாறு.

மண்ணில் அடுத்த போகம் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் வேண்டாம். வெண்டை, கொத்தவரை, கீரை வையுங்கள். சித்திரை வெயிலில் மண்ணைக் கொட்டிப் பரப்பி, நனைத்து, கண்ணாடி மாதிரித் தெரியும் பாலித்தீன் தாளால் ஓரம் காற்றுப் புகாமல் நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைத்தால் பெரும்பாலான பூஞ்சை வெந்துவிடும். கறுப்புத் தாளைவிட இதில்தான் சூடு மண்ணுக்குள் நன்றாக இறங்கும்.

நாற்று வாங்கும்போது பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் கிடைத்தால் எடுங்கள். இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும். பின்பருவக் கருகலையும் தாங்குவது அர்கா அபேத். இரண்டுமே வீரிய ஒட்டு ரகம், பழத்திலிருந்து விதை எடுத்து வைத்தால் அதே குணம் வராது.