ஓடுமா, ஓடாதா? இந்த வாரக் கேள்விகள்

'என் கம்ப்யூட்டரில் இந்த கேம் ஓடுமா' என்று கேட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டரின் மாடலே இல்லை. "நல்ல சிஸ்டம் அண்ணா, போன வருஷம்தான் வாங்கினேன், ஓடுமா?" என்று கேட்டால் நான் என்ன மை போட்டா பார்ப்பேன்? விவரம் எழுதியவர்களுக்கு மட்டும் பதில். முதல் ஆள் மட்டும் விதிவிலக்கு, அவரைத் திட்டவாவது வேண்டுமே.

ஐ5, 8 ஜிபி ராம். ஜிடிஏ 5 ஓடுமா? (களியக்காவிளை)

எந்த ஐ5? அது இன்டெல் பிராசசர் வரிசையின் பெயர், ஒரு மாடல் இல்லை. 2011ல் வந்த 2400ம் ஐ5தான், 2022ல் வந்த 12400ம் ஐ5தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் சிபியு (பிராசசர்), ஜிபியு (படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு) இரண்டின் முழுப்பெயரும் அங்கேயே இருக்கும். அதை அப்படியே எழுதி அனுப்ப அரை நிமிஷம் ஆகாது. அப்புறம், எந்த ஜிடிஏ 5? 2015ல் வந்த பழைய பதிப்பு 4 ஜிபி ராமிலும் 1 ஜிபி 9800 ஜிடி கார்டிலுமே எழுந்து நிற்கும். 2025ல் வந்த என்ஹான்ஸ்டு பதிப்புக்கு 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கும் இல்லாமல் ஆகாது. முழுப்பெயரோடு மறுபடி எழுதுங்கள்.

பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்பில் அதே கேம்? (நித்திரவிளை)

ஓடாது. ஜிடிஏ வரிசையிலேயே பழைய சான் ஆண்ட்ரியாஸ் போடு தம்பி. 256 எம்பி ராம், 64 எம்பி வீடியோ மெமரி போதும் என்று 2005ல் எழுதிய கேம், அந்த லேப்டாப்பில் ஓடும்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2வுக்கு 2 ஜிபி கார்டு போதும் என்று போட்டிருக்கிறது. கடையில் 4 ஜிபி ஜிடி 730 மாட்டித் தந்தார்கள். ஆனாலும் கல்யாண ஆல்பம் புரட்டுகிற மாதிரி ஓடுகிறது. ஏன்? (அருமனை)

இந்தக் கார்டைப் பற்றி எத்தனை தடவைதான் எழுதுவது! உங்கள் மேல் கோபம் இல்லை, மாடலை எழுதியிருக்கிறீர்கள், அதற்கே ஒரு நன்றி. கோபமெல்லாம் '4 ஜிபி' என்ற ஒற்றை வார்த்தையை வைத்தே வியாபாரம் செய்கிறவர்கள் மேல்தான்.

கேமின் தேவைப் பட்டியலில் 2 ஜிபி என்று மட்டுமா இருந்தது? 'ஜிடிஎக்ஸ் 770, 2 ஜிபி' என்று இருந்தது. முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியைப் படித்தால் இப்படித்தான் ஆகும். 770ல் 1500க்கு மேல் கோர்கள் (படத்துக்குக் கணக்குப் போடும் குட்டி மூளைகள்), உங்கள் 730ல் 400கூட இல்லை. 770 ஒரு செகண்டுக்கு 220 ஜிபி போல மெமரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும். 730ன் டிடிஆர்3 வகை கொடுப்பது 14 ஜிபி சொச்சம். 4 ஜிபி என்று வருவது பெரும்பாலும் அந்த வகைதான். சிரட்டையைப் பெரிதாகக் கட்டிவிட்டால் ரப்பர் மரம் கூடுதலாகப் பால் சுரக்குமா? மெமரி என்பது சிரட்டை, மக்கா. மரத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

நானும் ஏமாந்தவன்தான். பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் '1050 டிஐ, 4 ஜிபி' என்று ஸ்டிக்கர் ஒட்டிய கார்டை வாங்கி வந்து கார்டின் உண்மையான விவரம் காட்டும் ஜிபியு-இசட் போட்டுப் பார்த்தால், பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று வந்து நின்றது. உள்ளே இருந்தது ஜிடிஎஸ் 450, 2010ன் சரக்கு. பழைய கார்டு வாங்கப் போகிறவர்கள் அந்த இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய், காசு கொடுக்கும் முன்னால் ஓட்டிப் பாருங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுங்கள்.

உங்கள் கார்டைக் கடையில் திருப்பி எடுத்தால் கொடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் அதில் படம் பாருங்கள், ரெட் டெட் வேண்டாம்.

ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, 11 ஜிபி. புது இண்டியானா ஜோன்ஸ் கேம் ஓடுமா? (மார்த்தாண்டம்)

ஓடாது. ரே ட்ரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் இல்லாத கார்டு அதற்கு ஆகாது. குறைந்தபட்சம் என்று கேட்பது 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். 11 தோற்று 8 ஜெயிக்கிறது, மேலே சொன்ன சிரட்டைக் கதைதான்.

ஓணம் ஆஃபரில் ஆர்டிஎக்ஸ் 3050 லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன், எடுக்கலாமா? (பாறசாலை)

அந்த ஜிபியுவுக்கு எத்தனை வாட் மின்சாரம் விட்டிருக்கிறார்கள் என்று கேட்டீர்களா? லேப்டாப் 3050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டும் இருக்கிறது, 80 வாட்டும் இருக்கிறது, இரண்டும் ஒரே வேகம் இல்லை. கடைக்காரருக்கே தெரியாது, தயாரிப்பாளரின் பக்கத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். முழு மாடல் எண், 'கேமிங் சீரிஸ்' அல்ல. ஆஃபரில் ஒற்றை ராம் குச்சி போட்டுத் தருவார்கள், இரண்டாவது குச்சி போட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 256 ஜிபி எஸ்எஸ்டி என்றால் யோசியுங்கள், ரெட் டெட் மட்டுமே 150 ஜிபி தின்னும்.

எல்டன் ரிங் 12 ஜிபி ராம் கேட்கிறது, என்னிடம் 8. ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. ஓடும்/ஓடாது சொல்கிற தளத்தில் ஓடாது என்கிறது. (குழித்துறை)

அந்தத் தளங்கள் எண்ணைத்தான் ஒப்பிடும், கேமை ஓட்டிப் பார்ப்பதில்லை. உங்களுக்கு ஓடும், ஆனால் திக்கித் திக்கி. இன்னொரு 8 ஜிபி குச்சி போட்டால் தீர்ந்தது. சந்தேகம் என்றால் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்குங்கள்: 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்ப வரும். கேரக்டருக்கு மூக்கு செதுக்கிக்கொண்டிருக்கும் நேரமும் அந்த 2 மணியில் சேரும், ஞாபகம் இருக்கட்டும்.

விண்டோஸ் 11ல் வாலரன்ட் கேம் திறக்க மாட்டேன் என்கிறது, டிபிஎம் என்கிறது. (கொல்லங்கோடு)

பயோஸில் (விண்டோஸ் எழும் முன் வரும் செட்டிங்ஸ்) டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி, நம்பகமான சிஸ்டத்தை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் இரண்டையும் ஆன் செய்யுங்கள். டிபிஎம்முக்கு இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். டிஸ்க்கைப் பிரித்து வைத்திருப்பது பழைய எம்பிஆர் முறையிலா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் புது முறையான ஜிபிடிக்கு மாற்றிவிட்டுத்தான் செக்யூர் பூட் பக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸே எழுந்திருக்காது.

ஜிடிஏ 6க்கு என்ன கார்டு வாங்கி வைக்கலாம்? (ஒன்பது பேர்)

அறிவித்திருப்பது பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுக்கும்தான். பிசிக்கு என்று சுற்றும் பட்டியல்கள் கற்பனை. ஒன்றும் வாங்கி வைக்காதீர்கள்.

மகன் காலேஜ் புராஜெக்ட்டுக்கு ஆர்டிஎக்ஸ் 4070 கட்டாயம் என்கிறான். உண்மையா சார்? (குலசேகரம், ஒரு அம்மா)

புராஜெக்ட்டின் பெயரைக் கேளுங்கள் அக்கா. பிளெண்டரில் 3டி வேலை, ஏஐ மாடல் ட்ரெயினிங் என்று பட்டென்று சொன்னால் கொஞ்சம் நம்பலாம், அப்போதும் கட்டாயம் இல்லை. "அது உனக்குப் புரியாதும்மா" என்றால், வீட்டில் எத்தனை ஜிபி காலி இருக்கிறது என்று பாருங்கள், எந்த கேமுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.